நாற்பத்தொன்றாம் பிழை

பெரில் ஹார்கிரீவ்ஸின் பெயர் அச்சில் வந்தது ஒரே ஒரு புத்தகத்தில். அதுவும் தப்புக்காக.

'ஒன்பதாம் கலம்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் மன்றம் 1981-லிருந்து ஒரு பிழைப் புத்தகம் வைத்திருக்கிறது. ஒரு காட்சியில் பாதியாக இருந்த தம்ளர் அடுத்த காட்சியில் நிரம்பியிருக்கும். விண்கலத்தின் கதவு ஒருமுறை இடப்பக்கம் திறக்கும், இன்னொருமுறை வலப்பக்கம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். இதுவரை அறுநூற்றுப் பன்னிரண்டு. அவற்றில் நாற்பத்தொன்றாம் எண் எல்லோருக்கும் மனப்பாடம். 'சாம்பல் கோள்' என்ற பகுதியில் கேப்டன் டாரோவுக்கு இடது கையில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டு சாம்பல் வெளியில் கலத்தை நோக்கி ஓடுகிறார். நடுவில் பதினொரு நொடி மட்டும் கட்டு வலது கையில் இருக்கிறது. பிறகு மறுபடி இடது கைக்கு வந்துவிடுகிறது. அதன் கீழே புத்தகம் எழுதியிருப்பது: 'காட்சித் தொடர்ச்சி கவனித்தவர் பெரில் ஹார்கிரீவ்ஸ். தூங்கிவிட்டார் போலிருக்கிறது.'

அன்றிலிருந்து மன்றத்தில் எவர் எந்தப் படத்தில் என்ன பிழை கண்டாலும் 'அதோ ஒரு பெரில்' என்பார்கள். ஹாலிஃபாக்ஸில் ஒரு பப்பின் மாடியறையில் பிறந்த அந்தப் பேச்சு இங்கிலாந்து முழுக்கப் பரவியது. பெரில் என்பது ஒரு பெண்ணின் பெயர் என்று தெரியாதவர்களும் இணையத்தில் அதை எழுதினார்கள்.

பெரில் இந்தப் பிப்ரவரியில் இறந்தார். எழுபத்தெட்டு வயது. மகள் டெனீஸுக்கு அந்தச் சொல் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. அம்மா போன பிறகு அதைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

பெரில் எலண்ட் என்ற சிற்றூரில் நெசவாலைக் குடும்பத்தில் பிறந்தவர். லீட்ஸில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். ஒருநாள் மேலதிகாரியிடம் கடிதம் நீட்டும்போது, "நேத்து உங்க விளக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு சார்" என்றார். அதிகாரி ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். அடுத்த மாதம் தொடர்ச்சி கவனிக்கும் வேலை கிடைத்தது.

அந்த வேலை வெளியே யாருக்கும் தெரியாது. கதையின் கடைசிக் காட்சியை முதல் நாள் எடுப்பார்கள். கல்குவாரியில் எடுக்கும் ஓட்டத்துக்கு மூன்று வாரம் கழித்து, லீட்ஸ் அரங்கில் அந்த ஓட்டத்துக்கு முந்தைய காட்சியை எடுப்பார்கள். எந்தக் கையில் கட்டு, எத்தனை பொத்தான் போட்டிருந்தது, வசனத்தின் எந்தச் சொல்லில் தொப்பியைக் கழற்றினார் என்று ஒருவர் எழுதி வைத்திருக்க வேண்டும். கழுத்தில் நிறுத்துக்கடிகாரம், மடியில் அட்டை, காட்சிக்கு இரண்டே இரண்டு உடனடிப் புகைப்படம். அந்தப் புகைப்படச் சுருள் விலை அதிகம் என்று மூன்றாவதுக்கு அனுமதியில்லை. திரையில் ஒப்பனைக்காரர் பெயர் வரும், வண்டி ஓட்டியவர் பெயர்கூட ஒருமுறை வந்தது. தொடர்ச்சி பார்த்தவரின் பெயர் வந்ததேயில்லை. மன்றத்தை ஆரம்பித்த நெவில் அக்ராய்ட் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டுத்தான் பெரிலின் பெயரைத் தெரிந்துகொண்டார்.

வயிற்றில் குழந்தை என்று வெளியே தெரிந்ததும் வேலை போயிற்று. அதன் பிறகு பெரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். எந்தப் பிள்ளை இன்றைக்கு அண்ணனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பதும் அதிலிருந்தே தெரிந்துவிடும். டெனீஸின் அப்பா பேருந்து ஓட்டினார். சட்டைக் காலர் மடிந்திருக்கிறது என்று பெரில் சொல்லாமல் அவர் ஒருநாளும் வீட்டை விட்டு இறங்கியதில்லை.

மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு பெரில் தவறாமல் போவார். ஓட்ஸ் கேக் சுட்டு எடுத்துப் போவார். கேட்கிறவர்களுக்குப் புகைப்படத்தில் கையெழுத்துப் போடுவார். "எந்தக் கையால போடுறீங்க?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

கடைசி வாரத்தில், மருத்துவமனைக் கட்டிலில், அவர் திடீரென்று சொன்னார்: "அந்தக் கை விஷயம், டெனீஸ்."

"எந்தக் கை?"

"கட்டு. ரொம்ப யோசிச்சுப் பாத்துட்டேன். ஒரு நிமிஷம் கண்ணை எடுத்திருப்பேன். அன்னைக்கு அப்படி ஒரு குளிர். பேனா மை உறைஞ்சு போச்சு, பென்சில்லதான் எழுதினேன்."

"அதெல்லாம் ஐம்பது வருஷம் முன்னாடிம்மா. விடு."

"நான்தானே பாத்திருக்கணும்? அதுக்குத்தானே என்னை வெச்சிருந்தாங்க."

"விடும்மா. தண்ணி குடி."

டெனீஸ் சொன்னது அவ்வளவுதான். அம்மா அதை மறுபடி எடுக்கவில்லை.

டெனீஸுக்குக் கல்குவாரிகளில் வேலை. பாறை முகத்தைப் பார்த்து, அடுக்குகள் எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்ந்திருக்கின்றன என்று அளந்து, எது இடிந்து விழும், எது நிற்கும் என்று எழுதிக் கொடுப்பார். இருபத்தைந்து ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறார். அதிகம் பேசமாட்டார்.

அடக்கம் முடிந்த மூன்றாம் வாரம் அம்மா பெயருக்குத் தபாலில் ஒரு குறுவட்டு வந்தது. 'சாம்பல் கோள்' ஒளிபரப்பாகி ஐம்பது ஆண்டு ஆனதையொட்டி, பழைய படச்சுருளைச் சுத்தம் செய்து புதிதாக வெளியிட்டிருந்தார்கள். ஞாயிறு பிற்பகல் டெனீஸ் அதைப் போட்டார். அம்மா குளிரில் நின்றுகொண்டிருந்த இடத்தைப் பார்க்கலாம் என்றுதான் போட்டார்.

இதுவரை அவர் பார்த்த பிரதிகள் எல்லாம் மங்கல். பின்னணியில் சாம்பல் நிறத்தில் ஏதோ தீற்றினாற்போல் இருக்கும். இதில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கேப்டன் ஓடினார். டெனீஸ் கேப்டனைப் பார்க்கவில்லை. பழக்கம் காரணமாகப் பாறையைப் பார்த்தார்.

அடுக்குகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. நடுவே ஒரு கறுப்புக் களிமண் பட்டை. அதன் குறுக்கே ஒரு பிளவு, பட்டை அங்கே படிபோல ஓரடி கீழிறங்கியிருந்தது. பிறகு அந்தப் பதினொரு நொடி. கட்டு வலது கையில். பாறை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.

அவர் நிறுத்தினார். பின்னால் ஓட்டினார். மறுபடி பார்த்தார். அதே கறுப்புப் பட்டை, அதே பிளவு, அதே படி. எல்லாம் இடம் வலமாக.

பாறை பக்கம் மாறாது.

அன்றே டெனீஸ் மன்றத்துக்கு எழுதினார். நாற்பத்தொன்றைத் திருத்த வேண்டும் என்று. பதில் மொய்ராவிடமிருந்து வந்தது. பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மன்றத்தின் தலைவர். அனுதாபம் சொல்லிவிட்டு விதியையும் நினைவூட்டியிருந்தார். பிழைப் புத்தகத்தில் ஒன்றைத் திருத்த வேண்டுமென்றால், கூட்டத்தில் ஒருவர் எழுந்து எதிர்த்து வாதாட வேண்டும். கடைசியில் அப்படி எதிர்த்தவரே கை தூக்கினால்தான் திருத்தம். மற்றவர்கள் எத்தனை பேர் தூக்கினாலும் கணக்கில் வராது. நட்புக்காகக் கை தூக்குவதைத் தடுக்க நெவில் போட்ட விதி அது. 'இதை எதிர்க்கப் போவதும் நெவில்தான்' என்று முடித்திருந்தார். ஒளிபரப்பின் ஐம்பதாம் ஆண்டையொட்டிய புத்தகப் பதிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது என்பது அடிக்குறிப்பு. அதில் ஏறாவிட்டால் இனி எப்போதோ.

சனிக்கிழமை நண்பகல், ஹாலிஃபாக்ஸ் ரயிலடிக்கு எதிரே உள்ள பப்பின் மாடியறை. முப்பது பேர். பீர், பன்றி இறைச்சிப் பை, உருளைக்கிழங்கு வறுவல். நெவில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எழுபத்து மூன்று வயது. பேருந்து நேர அட்டவணை போட்டே வாழ்நாளைக் கழித்தவர். 'ஒரு பெரில்' என்று முதலில் சொன்னவரும் அவர்தான்.

"உங்க அம்மா கேக் இல்லாத முதல் கூட்டம், கண்ணு" என்றார் டெனீஸிடம். "வாய்க்கு ருசியா இல்ல."

டெனீஸ் தலையசைத்துவிட்டு இரண்டு பெரிய அச்சுப்படங்களைப் பலகையில் குத்தினார். ஒன்று காட்சி தொடங்கும்போது வரும் தூரப்படம், கட்டு இடது கையில். இன்னொன்று பதினொரு நொடித் துண்டு, கட்டு வலது கையில்.

"ரெண்டுலயும் இருக்கறது ஒரே பாறை" என்றார். "ஒண்ணுல வலப்பக்கம் சாயுது. இன்னொண்ணுல இடப்பக்கம். இந்தத் துண்டைத் திருப்பிப் போட்டிருக்காங்க. கட்டு இடது கையிலதான் இருந்துச்சு. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். அறையில் சலசலப்பு.

"பேச்சு முடிஞ்சுதா?" என்றார் மொய்ரா.

"முடிஞ்சுது."

"நெவில், உன் முறை. சுருக்கமா பேசு. போன தடவை கதவுக் கைப்பிடிக்கு நாப்பது நிமிஷம் எடுத்த."

"அது முக்கியமான கைப்பிடி" என்றபடி நெவில் எழுந்தார். "திருப்பிப் போட்டிருக்கலாம்னு 1985-லயே ஒருத்தன் சொன்னான். திருப்பிப் போட்டா சட்டையில இருக்கற முத்திரையும் பக்கம் மாறணும். மாறல."

"முத்திரையே தெரியலையே" என்றார் டெனீஸ். "அந்த ஓட்டம் முழுக்க மேல வெள்ளிப் போர்வை போத்தியிருக்கார். தலையில முக்காடு. வகிடும் தெரியாது. மாறினதைக் காட்டக் கையைத் தவிர ஒண்ணும் இல்ல."

"சரி. மாறலைன்னு சொல்லிக் காட்டவும் ஒண்ணும் இல்ல." நெவில் பலகைக்கு அருகில் போய்க் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "குவாரின்னா நாலு பக்கமும் சுவர், கண்ணு. கேமராவை எதிர்ப் பக்கம் திருப்பினா எதிர்ச் சுவர் தெரியும். அது வேற பக்கம் சாயத்தானே செய்யும்?"

"சாயும்."

"அப்புறம்?"

"ஆனா எதிர்ச் சுவர்ல இதே பிளவு இருக்காது. களிமண் பட்டை இதே இடத்துல ஓரடி இறங்கியிருக்காது. இந்தப் படியோட ஓரத்துல ஒரு கல்லு பேந்து விழுந்த குழி இருக்கு. ரெண்டுலயும் இருக்கு. பாருங்க."

நெவில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "எனக்குப் பாறை எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது."

பின்வரிசையில் ஒருவர், "உனக்குப் பேருந்துகூட அப்படித்தான்" என்றார். சிரிப்பு.

"நான் கண்ணுல படறதைத்தான் ஒத்துக்குவேன்" என்றார் நெவில். குரல் கொஞ்சம் உயர்ந்தது. "கம்ப்யூட்டர்ல திருப்பிக் காட்டறேன்னு சொல்லாதீங்க. கம்ப்யூட்டர்ல என்ன வேணா காட்டலாம். பெரிலை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும்ங்கறதுக்காகப் புத்தகத்தை மாத்தினா, அப்புறம் அது புத்தகமா?"

டெனீஸுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. அம்மாவும் அப்படித்தான் கேட்டிருப்பார்.

"கண்ணாடி இருக்கா இங்க?" என்றார்.

"கீழ இருக்கு. கவுன்ட்டருக்குப் பின்னாடி."

முப்பது பேரும் மரப்படியில் தடதடவென்று இறங்கினார்கள். கவுன்ட்டரில் இருந்த ஷெரில் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "என்ன, மாடி இடிஞ்சுடுச்சா?"

"உன் கண்ணாடி வேணும் ஷெரில். ரெண்டு நிமிஷம்."

"பாட்டில் ஒண்ணு உடைஞ்சாலும் நீதான் கொடுக்கணும், நெவில். மெதுவா."

பாட்டில்கள் வரிசைக்குப் பின்னால் சுவர் முழுக்க ஒரு பழைய கண்ணாடி, விஸ்கி விளம்பரம் பொறித்தது. ஷெரில் நடுவிலிருந்து எட்டுப் பாட்டில்களை இறக்கி வைத்தாள். டெனீஸ் தூரப்படத்தைச் சட்டத்தின் ஓரத்தில் செருகினார். கவுன்ட்டருக்குள் போய், பதினொரு நொடித் துண்டின் படத்தைக் கண்ணாடிக்கு எதிரே தூக்கிப் பிடித்தார்.

"படத்தைப் பாக்காதீங்க. கண்ணாடிக்குள்ள இருக்கறதைப் பாருங்க. இந்த ஓரத்துல இருக்கறதோட ஒப்பிட்டுப் பாருங்க."

நெவில் கவுன்ட்டர் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தார். மூக்கு பீர் குழாயில் இடித்தது. கண்ணாடிக்குள் பாறை வலப்பக்கம் சாய்ந்தது. கறுப்புப் பட்டை வந்தது, பிளவில் படி இறங்கியது, ஓரத்தில் குழி. சட்டத்தில் செருகியிருந்த படத்திலும் அதே. கண்ணாடிக்குள் கேப்டன் டாரோ இடது கையில் கட்டோடு ஓடிக்கொண்டிருந்தார்.

ஷெரிலும் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றாள். "இதுக்கா இவ்வளவு?"

நெவில் நிமிரவில்லை. "கலம் வலப்பக்கம் நிக்குது" என்றார். தனக்குள் பேசுவதுபோல. "முந்தின துண்டுல வலப்பக்கமா ஓடறார். அடுத்ததுலயும் வலப்பக்கமா. இதை மட்டும் அவரை எதிர்த் திசையில ஓட விட்டு எடுத்துட்டாங்க. எடுத்தபடியே போட்டா இடப்பக்கமா ஓடுவார். கலத்தை விட்டுட்டுத் தப்பிச்சு ஓடற மாதிரி இருக்கும். வெட்டி ஒட்டறவன் பாத்திருக்கான். மறுபடி குவாரிக்குப் போக வழியில்ல. சுருளைத் திருப்பிப் போட்டுட்டான்." அவர் மெதுவாக நிமிர்ந்தார். "போர்வை இருக்கறதால தெரியாதுன்னு நெனச்சிருப்பான். கையை மறந்துட்டான்."

"அம்மா மறக்கல" என்றார் டெனீஸ்.

"இல்ல. பெரில் மறக்கல." நெவில் கைக்குட்டையை எடுத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "ஐம்பது வருஷமா நாங்க எல்லாரும் கையையே பாத்துட்டிருந்தோம். ஒருத்தன்கூட அந்தப் பக்கம் கண்ணைத் திருப்பல."

மொய்ரா அங்கேயே, கவுன்ட்டருக்கு முன்னால், கூட்டத்தை நடத்தினார். "நாற்பத்தொன்றைத் திருத்த ஒப்புக்கறவங்க?"

முப்பது பேரும் நெவிலையே பார்த்தார்கள். அவர் கை தூக்கினார். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் தூக்கினார்கள். ஷெரிலும் தூக்கினாள்.

"உனக்கு ஓட்டு இல்ல" என்றார் மொய்ரா.

"கண்ணாடி என்னோடது."

நெவில் டெனீஸின் பக்கம் வந்தார். என்ன செய்வது என்று தெரியாமல் கையைக் கோட்டுப் பையில் விட்டுக்கொண்டார். "போன நவம்பர்ல வந்தாங்க உங்க அம்மா. நான் வழக்கம்போல எந்தக் கைன்னு கேட்டேன். சிரிச்சாங்க. எனக்கு..." நிறுத்தினார். "அவங்களுக்குத் தெரியுமா, இது?"

"தெரியாது. தன்னோட தப்புன்னே நெனச்சுட்டாங்க."

"அடடா."

"நானும் விடும்மான்னு சொல்லிட்டேன்" என்றார் டெனீஸ். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நெவில் இரண்டு தேநீர் சொன்னார். தன் தம்ளரைத் தள்ளிவிட்டு அவருடன் தேநீர் குடித்தார்.

மாடிக்குத் திரும்பியதும் மொய்ரா பேனாவைத் திறந்தார். "என்ன எழுதறது? நீயே சொல்லு."

டெனீஸ் சொன்னார், மொய்ரா எழுதினார்: 'எண் 41. பிழை தொடர்ச்சியில் இல்லை. படத்துண்டு இடம் வலமாகத் திருப்பி ஒட்டப்பட்டது. பாறை அடுக்குகளின் சாய்வு சான்று. கட்டு எல்லாத் துண்டுகளிலும் இடது கையில் இருந்தது. காட்சித் தொடர்ச்சி கவனித்தவர் பெரில் ஹார்கிரீவ்ஸ். சரியாகவே கவனித்தார்.'

"இதுல இன்னும் ஏதாவது சேக்க வேண்டாமா? உங்க அம்மாவைப் பத்தி நல்லதா நாலு வரி?" என்றார் மொய்ரா.

"வேண்டாம். சரியா கவனிச்சாங்க. அது போதும்."

நெவில் புத்தகத்தைப் புரட்டினார். "அவங்க பேர்ல இன்னும் ஆறு இருக்கு. அதையும் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"எல்லாம் திருப்பிப் போட்டதா?"

"இல்ல. ரெண்டு, வெட்டி ஒட்டினவங்க தப்பு. அடுத்த கூட்டத்துக்குச் சான்றோட வரேன். நீங்க எதிர்த்துப் பேசணும். மூணு, அம்மாவோடதுதான். சந்தேகமே இல்ல."

அறையே சிரித்தது. நெவில் கணக்குப் போட்டார். "அஞ்சுதான் ஆச்சு."

"ஆறாவது, எண்பத்தெட்டாம் எண்."

"தம்ளர்ல பால் ஏறி இறங்கறது. நாலு தடவை! அதைவிடப் பெரிய பெ..." நெவில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "பெரிய தப்பு தொடர்லயே கிடையாது."

"அது எப்ப எடுத்ததுன்னு பாருங்க."

மொய்ரா தேதியைப் பார்த்தார். "1976 அக்டோபர்."

"நான் பொறந்தது 1977 மே மாசம். ஒவ்வொரு தடவை அந்தப் பாலைப் பாக்கும்போதும் அம்மாவுக்குக் குமட்டிக்கிட்டு வந்து கழிவறைக்கு ஓடியிருக்காங்க. அவங்களே சொல்லியிருக்காங்க. எண்பத்தெட்டு என் தப்பு. என் பேர்ல எழுதிக்கோங்க."

"விதிப்படி எதிர்த்துப் பேச ஆள் வேணுமே" என்றார் மொய்ரா.

"நான் எதிர்க்க மாட்டேன்" என்ற நெவில் கையை மட்டும் தூக்கினார். "இதுக்குச் சான்று எதிர்ல உக்காந்திருக்கு."

மொய்ரா எண்பத்தெட்டில் பெரிலின் பெயரை அடித்தார். பக்கத்தில் டெனீஸ் ஹார்கிரீவ்ஸ் என்று எழுதி, எழுத்துப் பிழை இல்லையே என்று புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார்.